நடுவிலுள்ள டிகிரி

பன்னிரண்டு கார்பனில் தொடங்கினேன்.
ஒன்றில் தலையை மூடி வாலைத் திறந்தேன்,
இன்னொன்றில் வாலை மூடித் தலையைத் திறந்தேன்,
இரண்டையும் ஒரே குடுவையில் விட்டேன்.
இருபத்துநான்கு.
காலாப்பட்டில் அப்போது கத்திரி வெயில்.
சவுக்குத் தோப்பைத் தாண்டி வந்த காற்றில்
கருவாடும் டொலுயீனும்
ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டன.

நாற்பத்தெட்டுக்கு ஐப்பசி ஆகிவிட்டது.
தொண்ணூற்றாறில் மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் அறைக்கு ஓடிய அமலோற்பவநாதன்
"சாவி வூட்ல" என்று நனைந்தபடி திரும்பி வந்தார்.
எண்ணெய்த் தொட்டி ஆறியது.
நான் ஆறவில்லை.
மறுபடி நாற்பத்தெட்டிலிருந்து.

சங்கிலி நீள நீள
குடுவையின் அடி தெரியத் தொடங்கும்.
ஒவ்வொரு இரட்டிப்புக்கும் கடன்போல் ஒரு பங்கு கழியும்,
சிலிக்காவில் சிக்கியது, சுவரில் காய்ந்தது,
என் தும்மலில் போனது.

செம்மங்குப்பத்துக் குழாய்க் கம்பெனியில்
ஷிப்ட் பார்க்கிறார் வேதமாணிக்கம், என் வீட்டுக்காரர்.
ஒரு ராத்திரி கேட்டார்:
"மூணு வருஷத்துல எவ்ளோ செஞ்ச?"
"நாப்பது மில்லிகிராம்."
ரசத்தைக் கலக்கியபடி யோசித்தார்.
"நாங்க கூட்டுறப்ப
தொடப்பத்துல ஒட்டுறதே அதவிட ஜாஸ்தி."

உண்மைதான்.
அவர் மூட்டைகளில் நெட்டையும் குட்டையுமாக
திருவிழாக் கூட்டம்.
மேலே அச்சிட்டிருப்பது சராசரி.
அந்தச் சராசரிக்கு அச்சாக ஒரு சங்கிலி
உள்ளே இருக்கிறதா என்று யாரும் தேடியதில்லை.
குழாய்க்குத் தேவையுமில்லை,
தண்ணீர் போகிறது.

எனக்குத் தேவை.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, எல்லாமே.
பழைய தொண்ணூற்றாறு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தாலும்
படிகத்தின் விளிம்பு பல்லிளிக்கும்.

டொலுயீனில் கரைத்து மெல்ல ஆறவிட்டேன்.
சற்றுச் சூட்டிலேயே நிறுத்தினால்
கயிறுபோல் விறைப்பாக நின்று வளர்கின்றன,
இருபத்துநான்கு நானோமீட்டர் தடிமன், எக்ஸ்ரேயில் சுத்தமான கோடு.
இன்னும் ஆறவிட்டால்
வேட்டியை மடித்துக் கட்டியதுபோல்
சரிபாதியில் மடிந்து, முனைகள் இரண்டும்
ஒரே ஓரத்தில் வந்து நிற்கின்றன.
பன்னிரண்டு.
முக்காலில் மடிவதில்லை. ஏனென்று கேட்டால்
முனைக்கு உள்ளே இடமில்லை.

நடுவில் ஒரு டிகிரி இருக்கிறது.
அங்கே எதுவும் நடக்கவில்லை.
ஒரு நாள், இரண்டு நாள். கரைசல் தெளிந்த நீர்.
அசுத்தம் என்று நினைத்தேன். கழுவினேன்.
வெப்பமானியைச் சந்தேகித்தேன்.
அமலோற்பவநாதன் தன் பங்குக்கு
மேசைமேல் திருநீறுபோல் சிலிக்காவைச் சிந்திவைத்தார்.
மேலே போனால் வளர்கிறது, கீழே வந்தால் வளர்கிறது,
நடுவில் மட்டும் அசைவில்லை.

அன்று மாலை கடலூர் பஸ்.
புதுச்சேரி நிலையத்தில் வண்டி நிற்கும் முன்பே
ஜன்னல் வழியாகப் பறந்தன துண்டுகள்,
ஒரு சாப்பாட்டுப் பை, ஒரு ஹெல்மெட், யாரோ ஒருவரின் எல்.ஐ.சி. டயரி.
ஏறிப் பார்த்தால்
எந்த இருக்கையிலும் ஆள் இல்லை,
எந்த இருக்கையும் காலி இல்லை.
நாங்கள் நின்றோம்.

அப்போதுதான்.
பாதி மடிந்தவை வந்து விளிம்பில் துண்டு போடுகின்றன.
அந்தச் சூட்டில் அவற்றுக்கு உட்காரத் தெம்பில்லை,
எழுந்து போகவும் மனமில்லை.
முழு நீளத்தில் நிமிர்ந்து வருவது
இடமிருந்தும் இடமின்றித் திரும்புகிறது.
அந்நியர் யாருமில்லை அங்கே, அசுத்தம் ஒரு துளியும் இல்லை.
தடுப்பதும் அதே நூற்றுத் தொண்ணூற்றிரண்டு,
தடுக்கப்படுவதும் அதே.

அரியாங்குப்பம் பாலம் வரை
டிக்கெட்டின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டே வந்தேன்.
பிறகு பக்கத்து இருக்கையின் பச்சைத் துண்டை
எடுத்து, சரிபாதியாய் மடித்து,
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
அதன் சொந்தக்காரர் தவளக்குப்பத்தில்தான்
பின்படியிலிருந்து நெருக்கித் தள்ளி வந்து சேர்ந்தார்.
முறைத்தார்.
"ஒரு நிமிஷம்" என்றேன், பேனாவை மூடாமல்.